யார் சொன்னா என்று கேட்டவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு இல்லை. விசாரணை ஆணையமே தன் அறிக்கையில் அவர் பெயரை மறைத்துவிட்டது. சாட்சி சொன்னவர்களின் பெயரை வெளியே விடக்கூடாதாம். ஆணையம் மூடி வைத்ததை, கோப்பெங் பக்கத்தில் தோசை சுட்டு விற்கிற நான் எதற்குத் திறக்க வேண்டும்? அந்தச் சலுகைக்கு அவர் தகுதியானவரா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து, இவள் ஏன் ஒரு பெரிய மனிதரை இப்படிக் கரித்துக்கொட்டுகிறாள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

எங்கள் தாமான், நாங்கள் குடியிருக்கும் இடம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது. தோட்டம் கைமாறியபோது லயத்தில் இருந்தவர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த சின்னச் சின்ன வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. மலையில் பாதியைக் குவாரி தின்றுவிட்டது. தாமானில் பாதிப் பேருக்கு அந்தக் குவாரிதான் சோறு போடுகிறது. அவர் அங்கே சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயிலில் பங்குப் பேரவைத் தலைவர். வேலை நாளிலும் பூசை நாளிலும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டைதான், கஞ்சி போட்டுத் தேய்த்தது. குவாரியில் வேலை செய்கிற மனிதனின் சட்டை எப்படி வெள்ளையாக இருக்கும் என்று கேட்காதீர்கள். அவர் தூசி இருக்கும் பக்கம் போகமாட்டார், மற்றவர்களை அனுப்புவார்.

ஒருநாள் காலையில் என் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். லாரிக்காரன் ஒருத்தன் உள்ளே வந்து, "அண்ணே, ஒங்க காடி டயர்ல காத்து இல்ல" என்றான். அவருடைய கார் கடைக்கு நேர் எதிரே நிற்கிறது. தலையைத் திருப்பினால் தெரியும். அவர் திருப்பவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "யார் சொன்னா?" என்று கேட்டார்.

அவன், நான்தான் பார்த்தேன் என்றான். அவர் விடவில்லை. உன்னை யார் அனுப்பினது, இத்தனை பேர் இருக்கிற இடத்தில் வந்து சொல்லச் சொன்னது யார் என்று குடைந்தார். அவன் பாவம், டயரைக் கையால் காட்டினான். இவர் டயரைப் பார்க்கவில்லை, காட்டியவன் முகத்தைத்தான் பார்த்தார். கடைசியில் காரில் ஏறி, காற்றில்லாத டயரோடு தடதடவென்று சாலை முனைவரைக்கும் ஓட்டிப் போனார். நான் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அவரிடம் எதைச் சொன்னாலும் அது உண்மையா என்று கேட்கமாட்டார். போய்ப் பார்ப்போம் என்று எழுந்திருக்கமாட்டார். சொன்னது யார் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கோயில் கூரை ஒழுகுகிறது என்றாலும் அதே கேள்வி, பாடகர் குழுவில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலும் அதே கேள்வி. குவாரியில் வங்காளதேசத்து ஆட்களிடமும் நேப்பாளத்து ஆட்களிடமும் மலாயில் கேட்பார்: "சியாப்பா சாக்காப்?" அவர்கள் அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். சியாப்பா சாக்காப் வருகிறார் என்று ஒருத்தன் மெதுவாகச் சொன்னால் போதும், எல்லோர் வாயும் மூடிக்கொள்ளும்.

அது அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது என்று என் அக்கா சொல்வாள். அந்த அப்பா தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, முந்தின நாள் யாராவது போய்த் துரையிடம் குறை சொல்லியிருந்தால், குறையைப் பற்றிப் பேசவே மாட்டாராம். யார் போய்ச் சொன்னது என்று மட்டும் கேட்பாராம். ஆள் தெரிந்துவிட்டால், அந்த ஆளுக்கு மறுநாள் மேட்டுக்காட்டில் பால் இல்லாத கிழட்டு மரங்கள். தோட்டம் போய்விட்டது, துரை போய்விட்டார், பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது பூப்பந்து ஆடுகிறார்கள். கேள்வி மட்டும் மகன் வாயில் மிச்சமாக நின்றுவிட்டது.

அவருக்குக் கெட்டிக்காரத்தனமும் உண்டு. குவாரி லாரிகள் தாமானுக்குள் கல்லைச் சிந்திக்கொண்டு போகின்றன என்று யாரோ நகராட்சியில் புகார் கொடுத்தார்கள். அதிகாரி வந்து பார்த்தார், கம்பெனி சாலையைக் கூட்டியது. அந்த வாரமே இவர் காரில் டுரியான் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பழத்தைக் கையில் கொடுத்து, புகார் போட்டவன் நல்ல காரியம் செய்திருக்கிறான், நாங்கள் செய்யவேண்டியதை அவன் செய்தான், அவன் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று உருகினார். தையல்கார அக்காவின் வீட்டுக்காரர் வெள்ளந்தி. டுரியானை வாங்கிக்கொண்டு, "நான்தான் அண்ணே" என்று சிரித்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து கல் லாரிகள் வரிசையாக அந்தத் தையல்கார வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. கேட்டால், எங்கேதான் நிறுத்துவது என்றார்கள். தையல்கார அக்கா தைத்துக் கொடுக்கும் துணிகளைச் சுவர் மேல் நீட்டிக் கொடுக்கவேண்டியதாகிவிட்டது. அப்புறம் எங்கள் தாமானில் யாரும் எதைப் பற்றியும் புகார் எழுதவில்லை.

நல்லது எதுவும் செய்யாதவர் என்று சொன்னால் அது பொய். வெள்ளம் வந்தபோது குவாரி லாரியைக் கொண்டுவந்து கிழவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப் போனார். என் அப்பா இறந்தபோது பெட்டியைச் சுமந்தார். அப்போதும் கல்லறையில் மண் போட்டுவிட்டு வரும் வழியில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமாகிவிட்டது என்று பேசுகிறார்களே, யார் சொன்னது என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியோடு வருகிற நன்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

இப்போது சைரனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் சைரன் ஊதுவார்கள். பாறைக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் ஓடி ஒதுங்குவதற்காக அது. ஆனால் எங்கள் பெண்களுக்கு அது வேறொரு வேலைக்கான மணி. சைரன் கேட்டதும் எல்லா வீட்டுப் பின்கதவும் திறக்கும், எல்லோரும் கொடியிலிருந்து துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். இல்லாவிட்டால் வெடித் தூசி வந்து துணியெல்லாம் மாவில் புரட்டியது போல ஆகிவிடும். நான் குழம்புப் பானைகளை மூடுவேன். புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த பெண்களுக்கு மாமியார்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

என் அக்காவுக்கு இதில் இன்னும் கவனம். கோயில் பீடத்துணியைத் துவைத்துத் தேய்க்கும் பொறுப்பு அவளுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள்தான் செய்கிறாள், வேறு யார் கையும் அதில் பட்டதில்லை. சனிக்கிழமை காலையில் துவைத்துப் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பீடத்தில் விரிந்து கிடக்கும். பூசை நேரத்தில் அவள் சாமியாரைப் பார்க்கிறாளோ இல்லையோ, துணியின் ஓரம் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை நான் ஈப்போவில் இருந்தேன், கடைக்கு உளுந்தும் எண்ணெயும் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தாமானே வெளுத்துக் கிடந்தது. எல்லா வீட்டுக் கொடியிலும் துணி இருந்தது, எல்லாத் துணியிலும் தூசி. என் அக்கா பின்கட்டில் சாம்பல் நிறமாகிப்போன பீடத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "சைரன் ஊதலடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பாறைக்குக் கீழே ஒருத்தன் செத்துப்போயிருந்தான். தாப்பாவிலிருந்து வந்து, குவாரிக் கொங்சி விடுதியில் தங்கி, பாறையில் துளை போடும் வேலை பார்த்தவன். கல்யாணம் ஆகாத பையன். என் கடையில்தான் காலைச் சாப்பாடு. எல்லோரும் சட்னி கேட்டால் அவன் தோசைக்குச் சீனி கேட்பான். நான் திட்டிக்கொண்டே கொடுப்பேன்.

மறுநாளே கம்பெனி சொல்லிவிட்டது: சைரன் ஊதினோம், அவன் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு கவனிக்காமல் நின்றான், அவன் தப்புதான். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறானா என்ன. தாப்பாவில் அவன் அம்மா தனியாள். மகனைப் பறிகொடுத்தது போதாதென்று, அவனே தேடிக்கொண்டான் என்கிற பேச்சையும் அவள் சுமக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

சைரன் ஊதவில்லை என்பது எங்கள் தாமானில் கொடி கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அவருக்கும் அது தெரியும். அதனால் மறுபடியும் வீடு வீடாகப் போனார், இந்த முறை டுரியான் இல்லாமல். மிரட்டவில்லை. வாசலில் நின்று, சைரன் கேட்டதுதானே என்று அன்பாகக் கேட்டார். சிலர் கேட்டது அண்ணே என்றார்கள், சிலர் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கவனிக்கவில்லை என்றார்கள். தையல்கார அக்காவின் வீட்டுக்காரர் கதவையே திறக்கவில்லை. என் அக்கா வீட்டுக்கு வந்தபோது அவள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன் அண்ணே என்று சொல்லி அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, நான் ஈப்போவில் இருந்தது அவருக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் நான் தாமானில் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

செய்தி பெரிதானதும் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பாலாய் ராயாவில், எங்கள் பொது மண்டபத்தில், அறிவிப்பு ஒட்டினார்கள். யாரும் அதன் பக்கத்தில் நின்று படிக்கவில்லை. யார் நின்று படிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு ஆள் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு ஆணையத்திலிருந்து ஒரு மலாய்க்கார இளம் அதிகாரி, தலையில் தூடோங் முக்காடு கட்டிய பெண், என் கடைக்கு வந்து தே தாரேக் டீ குடித்தாள். கூட்டம் கலைந்ததும் என்னிடமும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடமும் பொறுமையாக விளக்கினாள். சாட்சியின் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்துத்தான் போடுவார்களாம். கதவை மூடிக்கொண்டு கேட்பார்களாம். சாட்சி சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதோ மிரட்டுவதோ குற்றமாம். இன்னொன்றும் சொன்னாள். ஆணையத்தின் முன்னால் ஒருவர் சொன்ன வார்த்தையை எடுத்து, அவர் மேலேயே நீதிமன்றத்தில் திருப்ப முடியாது. பொய் சொன்னால் மட்டும்தான் மாட்டிக்கொள்வார்கள், உண்மை சொன்னால் சட்டம் காப்பாற்றும் என்றாள். அருமையான சட்டம் என்று நானும் மண்டையை ஆட்டினேன்.

அக்கா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள், "பேரு வெளிய வராதுல்ல?" நான் மலாயில் கேட்டுச் சொன்னேன். வரவே வராது என்று அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் அந்த நேரத்தில் நம்பித்தான் சொன்னாள்.

என் அத்தான், அக்காவின் புருஷன், அந்தக் குவாரிக்குத்தான் சொந்த லாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போகிறாயா என்று மட்டும் கேட்டார். தாப்பாக்காரன் தாய் இனிமேல் வெளியில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள் என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அத்தான் எழுந்துபோய் லாரியைக் கழுவினார். கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போவது போல அக்கா ஈப்போவுக்குப் பஸ் ஏறினாள். திரும்பும்போது உண்மையிலேயே மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வந்தாள், அவளுக்குப் பொய் சொல்ல வராது.

உள்ளே என்ன நடந்தது என்று அவள் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். கம்பெனி வக்கீல், வேலை மும்முரத்தில் சைரன் ஊதியது உங்கள் காதில் விழாமல் போயிருக்கலாமே என்று கேட்டாராம். இவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஊதியிருந்தா பீடத்துணி கொடியில கெடந்திருக்காது ஐயா. நாளைக்குப் பூசைக்கு விரிக்கிற துணிய நான் தூசியில விடுவேனா?" என்று சொல்லிவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் மலாயில் சொல்ல, ஆணையத் தலைவர் எழுதிக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் திறந்த விசாரணை. ஈப்போவில் ஓர் அரசாங்க மண்டபம். நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். அக்கா தாமானிலேயே இருந்துகொண்டாள். தாமான்காரர்கள் கொஞ்சப் பேர் பின்வரிசையில் இருந்தார்கள், அவர் முன்வரிசையில். ஆணைய வக்கீல் மூடிய கதவுக்குள் பதிந்த சாட்சியங்களின் சுருக்கத்தை வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை, அவ்வளவு ஜாக்கிரதை. பக்கத்தில் வசிக்கும் ஒருவர், அந்த நேரத்தில் தேவாலயத்தின் பீடத்துணியைக் கொடியில் காயப்போட்டிருந்ததாகவும், சைரன் ஒலித்திருந்தால் அதை எடுத்திருப்பேன் என்று உறுதியாகச் சொன்னதாகவும் வாசித்தார்.

மேடையில் இருந்த பெரிய படிப்புப் படித்த ஒருத்தருக்கும் தாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று தெரியவில்லை. அந்த இளம் அதிகாரி பெயர் காப்பாற்றப்பட்ட நிம்மதியில் உட்கார்ந்திருந்தாள். பெயரைச் சொல்லியிருந்தால்கூட எந்த மேரி, எந்த ரீத்தா என்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும். பீடத்துணி என்றால் எங்கள் தாமானில் ஒரே ஒருத்திதான்.

அவர் யார் சொன்னா என்று கேட்கவில்லை. அந்த ஒரு முறைதான் கேட்காமல் இருந்தார். மெதுவாகத் திரும்பி, பின்வரிசையில் என்னைத் தேடிப் பார்த்து, தலையை லேசாக ஆட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் புதுத் துணி விரித்திருந்தது, வேறொருத்தி துவைத்தது. அக்கா கையில் தேய்த்து மடித்த பழைய துணியோடு வாசலில் நின்றாள். அவர் வந்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பாசமாகச் சொன்னார்: "அக்காவுக்கும் வயசாவுதுலா. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்." அக்கா துணியைக் கொடுத்துவிட்டு வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள். பூசை முழுக்க அவள் தலை குனிந்தே இருந்தது. புதுத் துணி ஒரு பக்கம் கோணலாகத் தொங்கியதை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

அத்தானை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. காலையில் லாரியைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவார். இன்றைக்கு லோடு இல்லை என்பார்கள். பின்னால் நிற்கிற லாரிக்கு இருக்கும், இவருக்கு இருக்காது. எவனும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. தாமானில் எங்கள் அக்காவைப் பார்த்தால் பெண்கள் சிரிப்பார்கள், நின்று பேசமாட்டார்கள். நான் அந்த அதிகாரிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். பாதுகாப்பு என்று சொன்னாயே, இதுதானா என்று கத்தினேன். அவள் பதறிப்போய் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, சாட்சி சொன்னதற்காகத்தான் லோடு தரவில்லை என்பதை நிரூபிக்க ஏதாவது வேண்டும் அக்கா, அப்படி யார் சொன்னார்கள் என்றாள். மலாயில் அவள் வாயிலிருந்தும் அதே வார்த்தைதான் வந்தது: சியாப்பா சாக்காப். நான் போனை வைத்துவிட்டேன்.

யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே செய்வதற்குத்தானே அவர் இத்தனை வருடம் பழகியிருந்தார். அத்தான் கடைசியில் லூமுட்டில் மீன் ஏற்றும் வேலைக்குப் போய்விட்டார், வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிறார்.

பிறகு ஆணையம் அவரையும் கூப்பிட்டது. மூடிய கதவு, பெயருக்குப் பதில் எழுத்து, சொன்ன வார்த்தையை வைத்து அவர் மேல் வழக்குத் திருப்ப முடியாது என்கிற உறுதி. என் அக்காவுக்கு அந்தப் பெண் என் கடையில் உட்கார்ந்து விளக்கிய அதே சட்டம் அவருக்கும். வெளியே வந்தவர் நேராக என் கடைக்கு வந்து, ஒரு தோசை கூடுதலாகவே சாப்பிட்டார். கடவுளுக்குப் பயந்து உண்மையைச் சொல்லிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் அவர் துணிச்சலைப் புகழ்ந்தார்கள். எனக்குக் கொதித்தது. தோசைக் கல்லைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பல மாதம் கழித்து அறிக்கை வந்தது. சைரன் ஊதவில்லை, செத்தவன் மேல் தப்பில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அக்காவின் பீடத்துணிதான் அதற்கு முதல் ஆதாரம். காலை நேரம், கடை நிறைய ஆட்கள். போனில் அறிக்கையைத் திறந்த லாரிக்காரன் ஒருத்தன் ஓர் இடத்தை உரக்க வாசித்தான். பெயர் மறைத்த ஒரு மேற்பார்வையாளர் ஆணையத்தில் சொன்னது அது: இறந்தவர் அன்று காலை என்னிடம் வந்து, சைரன் வேலை செய்யவில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். நான்தான் பார்த்தேன், நான்தான் சொல்கிறேன் என்றார். அப்படியானால் நீ உன் வேலையைப் பார் என்று சொல்லி, அவரைக் கீழ்த்தட்டுக்கு அனுப்பினேன். சைரனை நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வி மலாயில் அப்படியே அச்சாகியிருந்தது: சியாப்பா சாக்காப். வாசித்தவன் குரல் அந்த இடத்தில் இறங்கிப்போனது. கடையில் ஒருத்தரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேப்பாளத்து ஆள் கையைக் கழுவாமலே எழுந்து போய்விட்டான். சொன்னவனைக் கீழே அனுப்பியிருக்கிறார். அப்பா மேட்டுக்காட்டுக்கு அனுப்பினார், மகன் பாறைக்குக் கீழே அனுப்பினார். கொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார், அது எனக்கும் தெரியும். நினைக்காமலே ஒருத்தனைக் கொன்றிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சில நாள் கழித்து ஒரு வயதான அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி என் கடைக்கு வந்தார். தோசைக்குச் சீனி கேட்டார். யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. சீனி டப்பாவை அக்காதான் கொண்டுபோய் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா கேட்டார், "எம்மகன் மேல தப்பில்லன்னு ஒரு ஆளு போய்ச் சொல்லியிருக்காங்களாம். யார் சொன்னாங்கன்னு தெரியுமாம்மா? ஒரு தடவ கையப் பிடிச்சுக்கணும்."

என் வாழ்நாளில் அந்தக் கேள்வியை ஒருத்தர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் இல்லை என்று கண்ணால் சொன்னாள். பெயர் வெளியே வராது என்று சொல்லி அழைத்துப் போனார்கள், அதை அவளாவது காப்பாற்ற நினைத்தாளோ என்னவோ. தெரியவில்லையே அம்மா என்று நான் சொன்னேன். அந்த அம்மா எழுந்தபோது கால் தடுமாறியது. அக்கா போய்க் கையைப் பிடித்து, பஸ் வரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என் கடைப்பக்கம் வரவில்லை. கோயிலில் அவர் பக்கத்து இடங்கள் காலியாக இருந்தன. குவாரியில் அவர் வந்ததும் ஆட்கள் பேச்சை நிறுத்தவில்லையாம், அவர் காதுபடவே அந்தப் பட்டப்பெயரைச் சொன்னார்களாம். வழக்கு இல்லை, தண்டனை இல்லை, சட்டம் அவரைச் சுற்றி நன்றாகத்தான் வேலி போட்டிருந்தது. அந்த வேலியைப் பார்த்து நான் இன்னமும் வயிறெரிகிறேன், பொய் சொல்லமாட்டேன்.

ஒருநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், வந்து நின்றார். அதே வெள்ளைச் சட்டை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வெளியே, கூரை நிழலைத் தாண்டி, வெயிலில் நின்றபடியே கேட்டார்.

"தங்கச்சி, அறிக்கையில என் பேரே இல்ல. நானும் முழுசா தேடிப் பாத்துட்டேன். அது நாந்தான்னு தாமான்ல யார் சொன்னா?"

இத்தனை வருடத்தில் அவர் கேட்ட கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

"நீங்கதான் அண்ணே சொன்னீங்க."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது. குவாரியில் சைரன் ஊதியது, ஆணையம் போட வைத்த புதுச் சைரன், கோப்பெங் வரைக்கும் கேட்குமாம். பின்கதவுகள் திறந்தன, பெண்கள் துணியை வாரினார்கள், அக்காவும் தன் கொடியிலிருந்து அத்தான் சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பானைகளை மூடினேன். வெடி வெடித்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார், தூசி வந்து அந்த வெள்ளைச் சட்டையில் இறங்கியது. உள்ளே வாருங்கள், சட்டை பாழாகிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யார் சொன்னா என்றுதான் கேட்டிருப்பார்.